பெத்தோஃபி என்னும் குடும்பப்பெயர்: தோற்றமும் அருமையும்

முன்னுரை

உரைமொழியியல் பயின்றோர் யானோஷ் பெத்தோஃபி (1931–2013) என்னும் பெயரை நன்கு அறிவர். ஜெர்மனியில் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இத்தாலியில் மாச்செராத்தா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், தனி வாக்கியத்தைக் கடந்து முழுப் பனுவலையும் மொழியியல் ஆய்வின் அலகாகக் கொள்ளவேண்டும் என வற்புறுத்தியோருள் ஒருவர். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருந்த காலத்தில் நாமும் அவருடைய எழுத்துகளைப் பயின்றோம். ஹங்கேரியின் தேசியக் கவிஞர் ஷாந்தோர் பெத்தோஃபியின் பெயரையும் அறிந்திருந்தமையால், மொழியியலாளர் கவிஞரின் மரபில் வந்தவர் என எவ்விதச் சான்றுமின்றி நாமாகவே முடிவுசெய்துகொண்டோம். பல்லாண்டுகளுக்குப் பின் வகுப்பொன்றில் அக்கருத்தை உண்மைபோல் கூறியும் விட்டோம். "கவிஞருடைய எந்தப் பிள்ளையின் வழி, ஐயா?" என மாணவி ஒருவர் வினவினார். நம்மிடம் விடை இல்லை.

அவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியின் பயனே இக்கட்டுரை. அரிய குடும்பப்பெயர் ஒன்று இருவரிடம் காணப்படின், அவர்கள் ஒரே குடியினர் எனக் கொள்வதும், அப்பெயர் தொன்மையானது எனக் கொள்வதும், அப்பெயரின் மொழியே அக்குடியின் இனம் எனக் கொள்வதும் வரலாற்றாய்வில் மிகுதியாகக் காணப்படும் மூன்று பிழைகளாகும். பெத்தோஃபி என்னும் பெயரின் வரலாறு இம்மூன்றனையும் ஒருங்கே மறுக்கின்றது. அப்பெயர் எவ்வாறு தோன்றிற்று, ஏன் அரிதாயிற்று என்பனவற்றை விளக்கி, பெயரைச் சான்றாகக் கொள்வதில் ஆய்வாளர் மேற்கொள்ளவேண்டிய எச்சரிக்கையைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹங்கேரியப் பெயரமைப்பு

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இயற்பெயர் முன்னும் குடும்பப்பெயர் பின்னும் நிற்கும். ஹங்கேரிய மொழியிலோ குடும்பப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்கும். நம் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்பதை நினைவுகூர்ந்தால் இம்முறை நமக்கு வியப்பளிக்காது. எனவே, கவிஞரை அவர்தம் நாட்டினர் பெத்தோஃபி ஷாந்தோர் என்றே வழங்குவர்.

இம்முறையை அறியாமையால் நேரும் குழப்பத்திற்கு இந்தியவியலில் ஒரு சான்று உண்டு. திபெத்தியவியலின் தந்தை எனப் போற்றப்படும் கோரோஷி சோமா ஷாந்தோர் 1834ஆம் ஆண்டு கல்கத்தாவில் திபெத்திய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1842ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பெயரில் 'சோமா' என்பது குடும்பப்பெயர். 'கோரோஷி' என்பது திரான்சில்வேனியாவிலுள்ள கோரோஷ் என்னும் சிற்றூரைச் சார்ந்தவர் எனப் பொருள்படும் அடைமொழி. ஊர்ப்பெயரோடு இகரவிகுதி சேர்ந்து ஊரினரைச் சுட்டுவது ஹங்கேரிய வழக்கு. அகராதியின் முகப்பில் அவ்விகுதி 'தெ' என்னும் இலத்தீன மரபுச் சொல்லாக மாற்றப்பட்டு, 'அலெக்சாண்டர் சோமா தெ கோரோஷ்' என அச்சாயிற்று. இதன் விளைவாக, மேலைநாட்டு நூற்பட்டியல்கள் சில அவரைச் சோமா என்னும் தலைப்பிலும் வேறு சில கோரோஷ் என்னும் தலைப்பிலும் வரிசைப்படுத்துகின்றன. ஓர் ஓரெழுத்து விகுதியைப் பொருளறியாது விடின் ஓர் அறிஞரே இருவராகிவிடக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

ஹங்கேரியில் குடும்பப்பெயர்கள் பதினான்காம் நூற்றாண்டு முதல் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. முதலில் நிலவுடைமைப் பெருங்குடியினரிடமும் பின்னர் குடியானவரிடமும் அவை பரவின. பொருள் நோக்கில் அவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம். தந்தையின் பெயரால் அமைந்தவை ஒரு வகை. கோவாச் (கொல்லர்), சாபோ (தையற்காரர்), மொல்னார் (மாவரைப்போர்) முதலாகத் தொழிலால் அமைந்தவை மற்றொரு வகை. கோரோஷி என்பதைப்போல் ஊரால் அமைந்தவை மூன்றாம் வகை. நாஜ் (பெரியவர்), கிஷ் (சிறியவர்), ஃபெகெத்தே (கறுப்பர்) எனத் தோற்றத்தாலும் இயல்பாலும் அமைந்தவை நான்காம் வகை. தோத் (ஸ்லோவாக்கியர்), ஹொர்வாத் (குரோவாத்தியர்), நேமெத் (ஜெர்மானியர்) என இனப்பெயரால் அமைந்தவை ஐந்தாம் வகை.

இன்றைய ஹங்கேரியில் நாஜ், கோவாச், தோத், சாபோ, ஹொர்வாத் ஆகிய ஐந்து பெயர்களுள் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தாங்கியுள்ளனர். நாட்டு மக்களுள் பத்தில் ஒருவர் இவ்வைந்து பெயர்களுள் ஒன்றுக்கு உரியவர் எனலாம். மறுபுறம், ஒரு சிலரே தாங்கும் அரிய பெயர்கள் மிகப் பலவாகும். அத்தகைய அருமைக்குக் காரணம் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. பெயருக்கு மூலமான ஊர் சிறியதாக இருந்திருக்கலாம், சொல் வழக்கொழிந்திருக்கலாம், ஒரு குடும்பம் மட்டும் பழைய எழுத்துமுறையைக் கைவிடாது காத்திருக்கலாம், பெயர் அயல்மொழியிலிருந்து வந்திருக்கலாம், அன்றி, அண்மைக்காலத்தில் ஒருவரால் தேர்ந்துகொள்ளப்பட்டதாகவும் இருக்கலாம். எனவே, அருமை என்பது தொன்மைக்குச் சான்றாகாது. இதற்குப் பெத்தோஃபி என்னும் பெயர் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பெத்ரோவிச் குடும்பம்

கவிஞர் 1823ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கிஷ்கோரோஷ் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூரின் லுத்தரன் திருச்சபைப் பதிவேட்டில் அவருடைய பெயர் இலத்தீன் வழக்குப்படி 'அலெக்சாண்டர்' எனவும் குடும்பப்பெயர் 'பெத்ரோவிச்' எனவும் காணப்படுகின்றன. ஷாந்தோர் என்பது அலெக்சாண்டர் என்பதன் ஹங்கேரிய வடிவம். இப்பதிவு இலத்தீனில் அமைந்தமை தற்செயலன்று. அந்நாளில் ஹங்கேரிய அரசின் ஆட்சிமொழி இலத்தீனே. 1844ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமே ஹங்கேரிய மொழிக்கு அவ்வுரிமையை முழுமையாக வழங்கியது. ஆகவே கவிஞர் பிறந்தபோது ஹங்கேரிய மொழி அவர்தம் நாட்டின் முழுமையான ஆட்சிமொழியாக இருக்கவில்லை.

தந்தை இஷ்த்வான் பெத்ரோவிச் 1791ஆம் ஆண்டு கார்த்தால் என்னும் ஊரில் பிறந்தவர். இறைச்சிக்கடையும் சத்திரமும் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். தாய் மாரியா ஹ்ரூஸ், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள துரோட்ஸ் வட்டாரத்தினர். ஸ்லோவாக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். கிஷ்கோரோஷ் ஊரும் துருக்கியர் ஆட்சிக்குப் பின் 1718ஆம் ஆண்டு முதல் ஸ்லோவாக் மொழி பேசிய லுத்தரன் குடியேற்றத்தாரால் மீண்டும் குடியமர்த்தப்பட்ட ஊராகும். குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வயது நிரம்புகையில் குடும்பம் கிஷ்குன்ஃபேலெஜ்ஹாஸா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அஃது ஹங்கேரிய மொழி வழங்கிய ஊர். கவிஞர் பிற்காலத்தில் அவ்வூரையே தம் பிறப்பிடமாகக் குறிப்பிட்டார். இதனால் இரண்டு ஊர்களும் நெடுங்காலம் கவிஞருக்கு உரிமை கொண்டாடின. திருச்சபைப் பதிவேடே அவ்வழக்கைக் கிஷ்கோரோஷுக்குச் சார்பாகத் தீர்த்து வைத்தது.

இங்கு நாம் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. கவிஞர் தாம் பிறந்த ஊரை மறைத்தார் எனக் கொள்வதைவிட, தாம் மொழியறிந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டார் எனக் கொள்வதே பொருத்தமாகும். குடும்பப்பெயர் மாற்றத்திலும் இதே மனநிலையைக் காண்கின்றோம்.

1842: பெயர் பிறந்த ஆண்டு

பெரும்பாலான குடும்பப்பெயர்களுக்குப் பிறந்த நாள் இல்லை. அவை ஊராரின் வாயில் தோன்றி, எழுத்தரின் ஏட்டில் ஏறி, தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றவை. பெத்தோஃபி என்னும் பெயரை நாள் குறிப்பிட்டே சுட்டலாம். கவிஞரின் முதற் கவிதை 1842ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் 'அதெனேயும்' என்னும் இதழில் பெத்ரோவிச் என்னும் பெயருடன் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் அவ்விதழில் வெளிவந்த 'என் தாயகத்தில்' எனப் பொருள்படும் தலைப்புடைய கவிதையின் கீழ்ப் பெத்தோஃபி என்னும் பெயர் அச்சேறியது. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது.

அவர் பூண்ட புனைபெயர் இஃது ஒன்றேயன்று. நாடகக் குழுக்களோடு ஊரூராகத் திரிந்த நாள்களில் ரோனாயி, போரோஷ்த்யான் ஆகிய பெயர்களை அவர் பூண்டார். ரோனாயி என்பது சமவெளியினர் எனப் பொருள்படும். பின்னர் வேறு புனைபெயரிலும் கவிதைகள் வெளியிட்டார். ஏனைய பெயர்கள் மறைந்தொழிய, பெத்தோஃபி மட்டுமே நிலைத்தது. அதற்குக் காரணம் அப்பெயரின் அமைப்பிலேயே இருக்கின்றது என்பது நம் கருத்து.

பெத்ரோவிச் என்பது ஸ்லாவிய மொழிகளில் 'பேதுருவின் மகன்' எனப் பொருள்படும். 'பெத்ர' என்பது பேதுரு. 'ஓவிச்' என்பது தந்தைவழியைச் சுட்டும் விகுதி. பெத்தோஃபி என்பதும் அதே பொருளையே தருகின்றது. 'பெத்தோ' என்பது பேதுரு என்னும் பொருள்தரும் பேத்தெர் என்பதற்கு இடைக்கால ஹங்கேரியில் வழங்கிய செல்லப்பெயர். 'ஃபி' என்பது மகன். இச்சொல் ஃபின்னிய மொழிக்கும் ஹங்கேரிய மொழிக்கும் பொதுவான பழஞ்சொல் தொகுதியைச் சார்ந்தது. ஆகவே கவிஞர் தம் தந்தை பெயரைத் துறக்கவில்லை; அதனை மொழிபெயர்த்துக்கொண்டார். ரோனாயி என்பது மேடையில் அணிந்த ஒப்பனை. பெத்தோஃபி என்பது பெத்ரோவிச் இஷ்த்வானின் மகன் தம் தந்தை பெயரைத் தாம் எழுதத் தேர்ந்த மொழியில் ஒலித்த முறை.

அதெனேயும் இதழின் சூழலும் ஈண்டுக் கருதத்தக்கது. அதன் ஆசிரியர் மூவருள் ஒருவரான இலக்கிய வரலாற்றாசிரியர் ஃபெரென்ட்ஸ் ஷேடெல் ஜெர்மானியப் பெயரினர். தொல்தி என்னும் தம் புனைபெயரையே பின்னர்க் குடும்பப்பெயராகக் கொண்டார். ஹங்கேரிய மொழியின் ஃபின்னோ–உக்ரிய உறவை நிலைநாட்டிய மொழியறிஞர் பால் ஹுன்ஃபால்வி, ஹுன்ஸ்டோர்ஃபெர் என்னும் ஜெர்மானியப் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டவர். இரண்டு வடிவங்களும் ஒரே ஊர்ப்பெயரைச் சார்ந்தவை. 1840களில் மொழிக்குரிய அறிஞர் பலரும் பெயரையும் அம்மொழியிலேயே அமைத்துக்கொண்டனர். அரசாணையின்றி அவரவர் விருப்பால் நிகழ்ந்த செயல் இஃது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பழமைபோல் தோன்றும் புதுமை

பெத்தோஃபி என்னும் பெயரை முதன்முறை காண்போர் அதனைத் தொன்மையான பெருங்குடிப்பெயர் எனக் கருதுவர். அதற்குக் காரணம் 'ஃபி' என்னும் ஈறு. பால்ஃபி (பவுலின் மகன்), பான்ஃபி (ஆளுநரின் மகன்) முதலிய பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள் ஹங்கேரிய வரலாற்றில் புகழ்பெற்றவை. இடைக்கால இலத்தீன் ஆவணங்களில் 'இன்னாரின் மகன்' என எழுதப்பட்டதே ஹங்கேரிய வழக்கில் இவ்வீற்றைப் பெற்றது. பிற்காலத்தில் தந்தைவழிப் பெயர்கள் பெரும்பாலும் ஈறின்றித் தந்தை பெயராகவே நின்றன. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஃபி' ஈறு பழமையின் மணத்தைப் பெற்றிருந்தது. 'பெத்தோ' என்னும் முன்னுறுப்பும் அத்தகையதே. ஸாலா மாவட்டத்தில் கெர்ஷெயி பெத்தோ என்னும் பழங்குடியொன்று இடைக்காலம் முதல் சிறந்து விளங்கியது. இறைச்சிக்கடைக்காரரின் மகன் தேர்ந்த பெயரின் இரண்டு உறுப்புகளும் இவ்வாறு இடைக்காலத்தை நினைவூட்டுவன.

ஆயின் கவிஞர் உயர்குடிச் சிறப்பை நாடினார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இதற்கு எழுத்துமுறையே சான்றாகும். உயர்குடியினர் தம் பெயரின் இறுதி இகரத்தை உரோமன் 'ஒய்' எழுத்தாலும் 'ஃப' ஒலியை இரட்டித்தும் எழுதுவது மரபு. பால்ஃபி, பான்ஃபி குடும்பங்கள் அவ்வாறே எழுதின. கவிஞர் தம் பெயரை ஒற்றை 'எஃப்', எளிய 'ஐ' ஆகிய எழுத்துகளால் எழுதினார். இவ்வேறுபாடு அக்காலத்தார்க்கு எத்துணை முதன்மையானது என்பதை அவருடைய நண்பர் மோர் யோகாயியின் செயலால் அறியலாம். பாப்பா நகரக் கல்லூரியில் கவிஞரோடு பயின்ற அப்புதின ஆசிரியர் சிறுகுடிப் பிரபு மரபினர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவர் தம் பெயரின் இறுதி 'ஒய்' எழுத்தை நீக்கி 'ஐ' எழுத்தை அமைத்துக்கொண்டார். பிறப்பால் வந்த சிறப்புரிமையைத் துறந்ததன் அடையாளம் அது. ஓர் எழுத்தின் மாற்றத்தில் ஒரு கொள்கை அடங்கியிருந்தது.

அருமைக்கான காரணங்கள்

இப்பெயர் அரிதாயினமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதற்காரணம், அது தேர்ந்துகொண்ட பெயர் என்பதே. கொல்லரின் பெயர் நூறு ஊர்களில் நூறு குடும்பங்களுக்குத் தனித்தனியே அமைந்தது. அதனால் கோவாச் என்னும் பெயரினர் பெருகினர். பெத்தோஃபி என்பதோ 1842ஆம் ஆண்டில் ஒருவர் தமக்கெனக் கொண்டது.

இரண்டாம் காரணம், அக்குடும்பம் வழியற்றுப் போனமை. கவிஞர் 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் யூலியா சென்ட்ரெயியை மணந்தார். 1848ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் அவர்களுடைய ஒரே மகன் ஸோல்தான் பிறந்தான். 1849ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், விடுதலைப்போரில் உருசியப் படைகளை எதிர்த்து நிகழ்ந்த ஷெகெஷ்வார் போர்க்களத்தில் கவிஞர் மறைந்தார். அவருடைய உடல் கண்டெடுக்கப்படவில்லை. மகன் ஸோல்தான் 1870ஆம் ஆண்டு தமது இருபத்தொன்றாம் அகவையில் மணமின்றி இறந்தார். கவிஞரின் ஒரே உடன்பிறப்பான இஷ்த்வானும் தமையனின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். அவரும் 1880ஆம் ஆண்டு வழித்தோன்றலின்றிக் காலமானார். 1842இல் தோன்றிய பெயர், அதனைத் தோற்றுவித்த குடும்பத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்தது.

மூன்றாம் காரணம், பெயரின் பெருமை. பெஷ்த் நகரில் 1848ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் புரட்சியைத் தொடங்கி வைத்த கவிஞரின் பெயர், அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே நாட்டின் பொதுச்சொத்தாயிற்று. தெருக்களும் பள்ளிகளும் பாலமும் அப்பெயரைத் தாங்கின. வரலாற்றுச் சிறப்புடைய பெயர்களை விரும்பியோர் விரும்பியவாறு குடும்பப்பெயராகக் கொள்வதற்கு ஹங்கேரியப் பெயர்மாற்ற விதிகள் எளிதில் இடந்தருவதில்லை. எங்கும் எழுதப்பட்டிருக்கும் பெயர் வீடுகளில் அரிதாகவே வழங்குகின்றது என்பது இதனால் விளைந்த முரணாகும்.

ஆகவே, உரைமொழியியலாளர் பெத்தோஃபி கவிஞரின் மரபினராக இருத்தல் இயலாது. கவிஞரின் குடும்பம் 1880இல் முற்றுப்பெற்றது. அரிய பெயராயினும் அது குருதியுறவைக் காட்டவில்லை. மாணவியின் வினாவுக்குரிய விடை இதுவே.

பெயர்மாற்ற இயக்கமும் அதன் நிழலும்

பெத்தோஃபியின் பெயர்மாற்றத்தை அதன் காலத்தில் வைத்தே மதிப்பிடவேண்டும். அவர் மறைந்து ஒரு தலைமுறை கடந்தபின் பெயர்மாற்றம் தனிமனிதரின் விருப்பம் என்னும் நிலையிலிருந்து அரசின் கொள்கை என்னும் நிலைக்கு நகர்ந்தது. 1881ஆம் ஆண்டு பெயர்மாற்றக் கட்டணம் ஐந்து ஃபோரின்ட்டிலிருந்து ஐம்பது கிராய்ட்சாராக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஷிமோன் தெல்கெஷ் என்பாரைத் தலைவராகக் கொண்டு மைய பெயர்மாற்றக் கழகம் தோன்றியது. குடும்பப்பெயர்களை ஹங்கேரியமாக்கும் முறைகளை விளக்கும் கையேடொன்றை அவர் 1898ஆம் ஆண்டு வெளியிட்டார். 1895 முதல் 1899 வரை தலைமையமைச்சராக இருந்த தெஜோ பான்ஃபியின் காலத்தில் அரசுப் பணியாளர்கள் பெயர்மாற்றத்திற்கு உந்தப்பட்டனர். ஜெர்மானியரும் ஸ்லோவாக்கியரும் யூதரும் பெருந்தொகையினராகப் பெயர் மாற்றிக்கொண்டனர்.

யூதர் நிலை குறிப்பாக நோக்கத்தக்கது. இரண்டாம் ஜோசப் மன்னரின் 1787ஆம் ஆண்டு ஆணையால் அவர்கள் ஜெர்மானியக் குடும்பப்பெயர்களை ஏற்குமாறு பணிக்கப்பட்டனர். ஒரு நூற்றாண்டு கழித்து அப்பெயர்களே அயன்மையின் அடையாளமாகக் கருதப்பட்டன. முதலில் ஓர் அரசு பெயரைக் கொடுத்தது. பின்னர் ஓர் அரசு அதனை மாற்றுக என்றது. இரண்டு முறையும் மாறியது பெயரே, குடும்பம் அதுவே.

பெத்தோஃபியின் எடுத்துக்காட்டு இவ்வியக்கத்திற்குச் சிறந்த முன்மாதிரியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது. ஆட்சிமொழியாக ஏற்கப்படாத மொழியொன்றின் இளங்கவிஞர் தம் விருப்பால் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டது வேறு. ஆட்சியுரிமை பெற்றுவிட்ட மொழியின் பெயரால் அஞ்சலகப் பணியாளரும் இரயில்வே ஊழியரும் பெயர்மாற்றத்திற்கு உந்தப்பட்டது வேறு. செயல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. ஸ்லோவாக் இலக்கியத்தின் பெருங்கவிஞர் ஹ்வியெஸ்தோஸ்லாவ் (1849–1921) என்பாரின் இயற்பெயர் பாவொல் ஓர்சாக். ஓர்சாக் என்பது நாடு எனப் பொருள்படும் ஹங்கேரியச் சொல். இளமையில் ஹங்கேரிய மொழியில் கவிதை எழுதிய அவர், பின்னர் ஸ்லோவாக் மொழிக்கு மாறி, ஸ்லாவியப் புனைபெயரையும் பூண்டார். பெத்தோஃபியின் கவிதைகளை ஸ்லோவாக் மொழியில் பெயர்த்தோருள் அவரும் ஒருவர். ஸ்லாவியப் பெயருடன் பிறந்தவர் ஹங்கேரியின் தேசியக் கவிஞரானார். ஹங்கேரியப் பெயருடன் பிறந்தவர் ஸ்லோவாக்கியரின் தேசியக் கவிஞரானார். பெயரின் மொழியைக் கொண்டு இனத்தை வரையறுப்போர் இவ்விருவரையும் இடம்மாற்றி வைக்கவேண்டியிருக்கும். தோத் என்னும் பெயரும் இதனையே உணர்த்தும். ஸ்லோவாக்கியர் எனப் பொருள்பட்டாலும் அது ஹங்கேரியச் சொல்லே. ஹங்கேரிய அயலார் இட்ட பெயரே. இன்று அதனைத் தாங்குவோர் தம்மை ஹங்கேரியராகவே கருதுகின்றனர்.

பர்குசின் எலும்புக்கூடு

பெயரொப்புமையை மட்டும் நம்பினால் நேரும் விளைவுக்கு அண்மைக்காலச் சான்றொன்றைக் காட்டி அமைவோம். கவிஞர் போர்க்களத்தில் இறக்கவில்லை. உருசியரால் சிறைபிடிக்கப்பட்டுச் சைபீரியாவில் வாழ்ந்து மறைந்தார் என்னும் கதை நெடுநாளாக வழங்கிவந்தது. 1989ஆம் ஆண்டு தேடற்குழு ஒன்று பைக்கால் ஏரியின் கிழக்கேயுள்ள பர்குசின் ஊரில் எலும்புக்கூடு ஒன்றை அகழ்ந்தெடுத்து, அது கவிஞருடையது என அறிவித்தது. அக்கதைக்கு முதன்மையான துணையாக நின்றது, அலெக்சாண்டர் பெத்ரோவிச் என்னும் பெயருடைய ஒருவர் அங்கு வாழ்ந்தார் என்னும் செய்தி.

உருசிய வழக்கில் இயற்பெயரை அடுத்துத் தந்தைவழிப் பெயர் வரும். பேதுரு என்பவரின் மகனாகிய எந்த அலெக்சாண்டரும் அங்கு அலெக்சாண்டர் பெத்ரோவிச் என்றே விளிக்கப்படுவார். உருசிய மொழியில் மிகப் பரவலாக வழங்கும் பெயர்ச்சேர்க்கைகளுள் இஃதும் ஒன்று. ஹங்கேரியில் தனித்தன்மையுடையதாகத் தோன்றும் பெயர் உருசியாவில் ஊர்தோறும் கேட்கப்படும் பெயராகும். அதனைக் கொண்டு ஒருவரை இனங்காணுதல் இயலாது. மேலும், அவ்வெலும்புக்கூடு ஒரு பெண்ணுடையது என ஹங்கேரிய அறிவியற் கழகத்தின் வல்லுநர்கள் முடிவு கூறினர். இருப்பினும் அதனைக் கவிஞருடையது என நம்பியோர் 2015ஆம் ஆண்டு புடாபெஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் அதனை அடக்கம் செய்தனர்.

முடிவுரை

பெத்தோஃபி என்னும் குடும்பப்பெயர் தொன்மையால் அரிதானதன்று. இளமையாலும் வழியற்றமையாலும் புகழாலும் அரிதாயிற்று. அது பழங்குடிப்பெயரின் தோற்றத்தைக் கொண்டிருப்பினும் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகன் 1842இல் தந்தை பெயரை மொழிபெயர்த்ததால் உண்டானது. அதனைத் தாங்கும் பிறர் அவருடைய உறவினராகார். அதன் மூலவடிவம் ஸ்லாவியமாயினும் அதனைக் கொண்டு அவருடைய இனத்தைத் தீர்மானிப்பதும் பொருந்தாது.

எனவே, குடும்பப்பெயரைச் சான்றாகக் கையாளும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இப்பெயரை இட்டவர் யார்: அயலாரா, எழுத்தரா, அரசா, தாங்கியவரேயா? இது முதன்முதலில் எவ்வாவணத்தில், எம்மொழியில் பதிவாயிற்று? அதனைத் தாங்கியோரின் வழிமுறை தனிச்சான்றுகளால் நிறுவப்பட்டுள்ளதா? இம்மூன்றற்கும் விடை கிட்டிய பின்னரே பெயர் வரலாற்றுச் சான்றாகும். அதுகாறும் அது ஒரு குறிப்பு மட்டுமே.

வகுப்பறையில் பெயர்களை விளக்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி வாய்க்கின்றது. புலவர் பெயரையோ ஊர்ப்பெயரையோ குடிப்பெயரையோ கொண்டு விரைந்து முடிவு கூறுதல் எளிது; மாணவர் அதனை மறவாது ஏற்பர் என்பதே அதன் இடர். நாம் அன்று கூறிய பிழையான கருத்தை அடுத்த வகுப்பிலேயே திருத்திக் கூறினோம். அம்மாணவி வினவாதிருந்தால் அக்கருத்து அவ்வகுப்பினரின் குறிப்பேடுகளில் உண்மையாகவே நின்றிருக்கும்.